அந்தஸ்து: மாடியிலிருந்து வந்த சொல்



‘அவருக்கென்று ஊரில் ஒரு அந்தஸ்து இருக்கிறது’ என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். இந்தச் சொல் தெலுங்கிலிருந்து நமக்கு வந்தது. தெலுங்கில் அந்தஸ்து என்றால் இன்றைக்கும் கட்டடத்தின் மாடி. மூன்று மாடி வீட்டை ‘மூடந்தஸ்துல மேட’ என்பார்கள். தகுதி, தரம் என்ற பொருளும் அங்கே உண்டு. நம் பேச்சில் மாடி உதிர்ந்து தகுதி மட்டும் தங்கிவிட்டது. வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் தோழர்கள் இந்த அரங்கில் இருந்தால், அவர்களுக்கு இது புதுச் செய்தியாக இராது.

கடன் வாங்கிய சொல்தானே என்று தள்ளவும் முடியாது. நம்முடைய ‘நிலை’யும் அப்படித்தான். சமூக நிலை என்கிறோம். மதுரை மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலில் நிற்பதை ஒன்பது நிலைக் கோபுரம் என்கிறோம். அந்த ஒன்பதையும் தெருவில் நின்று யாரும் எண்ணலாம். கோயிலுக்குள் நுழைய மட்டும் நம்மவர்கள் 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1920 ஜனவரி 31இல் வெளிவந்த ‘மூக்நாயக்’ முதல் இதழில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சமூகத்தை ஏணியும் வாசலும் இல்லாத பல மாடிக் கோபுரமாகக் காட்டினார். பிறந்த மாடியிலேயே சாக வேண்டும். அவர் எழுதியது மராத்தியில். இந்தத் தெலுங்குச் சொல் அவர் மனதில் இருந்திருக்காது. இருந்தும், சொல் மறைத்து வைத்திருந்த கட்டடத்தை அவர் அப்படியே வரைந்துவிட்டார்.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ரிஸ்லி சாதிகளை மேல் கீழாக வரிசைப்படுத்தச் சொன்னபோது, எங்களை சத்திரியர் என்று எழுது, வைசியர் என்று எழுது என மனுக்கள் குவிந்தன. கட்டடம் அப்படியே இருக்கட்டும், மாடியை மாற்றிக் கொடு என்பதுதான் அந்த மனுக்களின் சாரம்.

1907இல் ‘தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த பெயர் ‘சாதிபேதமற்ற திராவிடர்’. எந்த மாடியையும் கேட்காத பெயர் அது. அந்தத் துணிச்சலுக்கு இணையாக அக்காலத்தில் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் தாழ்த்தப்பட்டவர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர் வேறு என்று பிரித்து, அருந்ததியரையும் குறவரையும் இரண்டாம் வரிசையில் அவர் நிறுத்திய பக்கங்களும் இருக்கின்றன. நினைவுச் சொற்பொழிவுகளில் அந்தப் பக்கங்களை நாம் புரட்டுவதில்லை. நானும் பல ஆண்டுகள் புரட்டியதில்லை.

2009இல் அருந்ததியருக்கு 3 சதவிகித உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1இல்தான் சொன்னது. இடைப்பட்ட அந்தப் பதினைந்து ஆண்டுகளில் நம் கூட்டங்களில் நாம் என்னென்ன பேசினோம் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் அருந்ததியர் தோழர்களுக்கு நன்றாக நினைவிருக்கும்.