சோழமண்டலம் கோரமண்டல் ஆன வழி

கோடியக்கரையிலிருந்து கிருஷ்ணா ஆற்றின் முகத்துவாரம் வரை நீளும் கிழக்குக் கரையை உலக வரைபடங்கள் கோரமண்டல் என்கின்றன. அது சோழமண்டலத்தின் திரிபு என்று பள்ளிப் பாடத்திலேயே படித்துவிடுகிறோம், படித்ததோடு விட்டுவிடுகிறோம். அந்த விளக்கத்துக்கு எதிரே நிற்கும் ஐயங்கள் லேசானவை அல்ல. கடைசிச் சோழ மன்னன் மூன்றாம் இராஜேந்திரனின் ஆட்சி 1279 அளவில் முடிந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். மறைந்து இருநூறு ஆண்டுக்கு மேலான அரசின் பெயரைப் போர்த்துக்கீசியர் எங்கிருந்து பெற்றனர்? இடைப்பட்ட காலத்தில் அரபு மாலுமிகள் இந்தக் கரையை மஅபர், அதாவது கடந்து செல்லும் துறை, என்றார்கள். மார்க்கோ போலோவும் அதையே எழுதினார். முதல் எழுத்தான ‘ச’ எப்படிக் ‘க’ ஆயிற்று என்பது இன்னொரு கேள்வி. இவற்றுக்கு விடை காணாத சிலர், சென்னைக்கு வடக்கே உள்ள கரிமணல் என்னும் சிற்றூரின் பெயரே கோரமண்டல் ஆனது என்றனர். சோழமண்டலமே சரி என்பது என் முடிவு. ஆனால் அதைப் பெருமிதத்தின் பேரில் சொன்னால் போதாது, சான்றின் பேரில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒலி. சோழர் என்ற சொல்லில் உள்ள ழகரம் பிறமொழியாருக்கு எப்போதுமே பிடிபடாத எழுத்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் பாறைக் கல்வெட்டு ‘சோட’ என்றது. வடமொழியில் ‘சோள’ என்றும், தெலுங்கில் ‘சோட’ என்றும் வழங்கியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்கப் புவியியலாளர் ‘சோரா’, ‘சோரெத்தாய்’ என்று ரகரம் போட்டு எழுதினார். ஆகவே ழகரம் ரகரமானது போர்த்துக்கீசியர் செய்த புதுமை அன்று. அவர்களுக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஐரோப்பியக் காது அப்படித்தான் கேட்டிருக்கிறது. இனி முதல் எழுத்து. வாஸ்கோ ட காமாவின் முதற் பயணக் குறிப்பேட்டில் ‘சோமந்தார்லா’ என்ற வடிவம் வருகிறது. 1510இல் அச்சான தம் பயண நூலில் வர்த்தேமா என்ற இத்தாலியர் ‘சொரொமந்தெல்’ என்கிறார். 1516 அளவில் எழுதிய பார்போசாவிடம் இருப்பது ‘சாரமந்தெல்’. மூன்றும் சகரத்தில் தொடங்குகின்றன. சகர ஒலிக்குப் போர்த்துக்கீசியர் இட்ட இரட்டை எழுத்தை டச்சுக்காரர்கள் தங்கள் வழக்கப்படி ககரம்போல வாசிக்க, அந்த வாசிப்பே வரைபடங்களில் நிலைத்துவிட்டது. பிழை நேர்ந்தது கண்ணால் படித்த இடத்தில்; காதால் கேட்டவர்கள் ஓரளவு சரியாகவே எழுதியிருக்கிறார்கள். கரிமணல் வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது. பெயரின் மூலம் ககரமாக இருந்தால், மிகப் பழைய வடிவங்களில் அல்லவா அது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்? மேலும், அவ்வூரை அண்டி ஐரோப்பியர் குடியேறுவதற்கு முன்பே, கேரளக் கரையில் நின்று கேட்டவர்களின் ஏட்டில் இப்பெயர் ஏறிவிட்டது.

அரசு மறைந்த பின் பெயர் எப்படித் தங்கியது என்ற ஐயத்துக்கு விடை ‘மண்டலம்’ என்ற பின்பாதியில் இருக்கிறது. வெளிநாட்டார் வாயில் இந்தப் பாதி அதிகம் சிதையவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. அவர்கள் கேட்டது ஒரு குலத்தின் பெயரை அன்று, நிர்வாகப் பிரிவு ஒன்றின் பெயரை. முதலாம் இராஜராஜன் தன் ஆட்சிப் பரப்பை மண்டலங்களாக வகுத்துப் பெயரிட்டபோது தொண்டை நாடு ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. அதாவது மயிலாப்பூரும் பழவேற்காடும் காஞ்சியும் அரசு ஆவணங்களில் ஒரு சோழமண்டலத்துக்குள்தான் இருந்தன. சோழர் போனார்கள், ஆவண எழுத்தர்கள் போகவில்லை. விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகளும் காஞ்சிப் பகுதியை ஜயங்கொண்ட சோழமண்டலத்து ஊர் என்றே குறிக்கின்றன. நிலத்தை விற்கவும் தானம் கொடுக்கவும் எல்லை சொல்லவும் பயன்பட்ட பெயரை அரச மாற்றம் எளிதில் அழிப்பதில்லை. மஅபர் என்பது கடலிலிருந்து பார்த்தவர்கள் இட்ட பெயர். சோழமண்டலம் கரையில் வாழ்ந்தவர்களின் பெயர். இரண்டும் ஒரே காலத்தில் வழங்கியிருப்பதில் முரண் எதுவும் இல்லை. தஞ்சைப் பகுதியின் பெயர் ஏன் வடக்கே இவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்பவர்களுக்கும், பழவேற்காடு வரையிலாவது, இதுவே பதில்.

அதற்கும் வடக்கே கிருஷ்ணா வரை அது நீண்டதற்குச் சோழர் காரணம் அல்லர், துணி வணிகம் காரணம். டச்சுக்காரர் 1605இலும் ஆங்கிலேயர் 1611இலும் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தனர். பின்னர் டச்சுக்காரர் பழவேற்காட்டைத் தலைமையிடமாக்கி, இக்கரையில் இருந்த தங்கள் சாலைகள் அனைத்தையும் ஒரே கோரமண்டல் ஆளுகையின் கீழ்க் கணக்கெழுதினர். தெலுங்கு பேசும் கரையும் அப்படித்தான் இப்பெயருக்குள் வந்தது. கணக்கேடு போன இடமெல்லாம் பெயரும் போயிற்று. சீனத்தில் செய்த அரக்குத் தட்டிகள் இக்கரை வழியே கப்பலேறியதால் ஐரோப்பாவில் கோரமண்டல் தட்டிகள் எனப்பட்டன. 1820இல் பாய்மரத்துக்கான மரம் ஏற்ற நியூசிலாந்து சென்ற கோரமண்டல் என்ற ஆங்கிலக் கப்பலின் பெயரை அங்கே ஒரு தீபகற்பம் இன்றும் தாங்கி நிற்கிறது. பினாங்கில் சூலியா தெரு இருக்கிறது; சோழக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களுக்கு மலாய் நாட்டில் வழங்கிய பெயர் அது, சோழரிலிருந்தே வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அங்கே பெயர் மக்களோடு நேராகப் போனதால் சகரம் பிழைத்தது. ஏட்டின் வழியே போன பெயருக்கோ ககரமே நிலைத்தது.