குடகின் துப்பாக்கி: உரிமையா, விலக்கா?

குடகில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது கொடவரின் தொன்றுதொட்ட உரிமை என்றே ஊடகங்கள் எழுதிவருகின்றன. வரலாறு வேறு. 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியரின் ஆயுதங்களைப் பறிக்க முற்பட்ட ஆங்கில அரசு, குடகினரின் விசுவாசத்துக்குக் கைம்மாறாக 1861இல் அவர்களுக்கு விலக்களித்தது. பிறர் இழந்ததே இவர்களுக்குச் சலுகையாகத் தோன்றியது. விடுதலைக்குப் பின், 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்கீழ் நடுவணரசு அவ்விலக்கைத் தொடர்ந்தது. 2019இல் அதனை 2029 வரை நீட்டித்தது. கொடவரல்லாத ஜம்மா நிலவுடைமையாளரும் இதனுள் அடங்குவர். செய்திகள் இதனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

கைல்போழ்து விழாவில் துப்பாக்கியைப் பூச்சூட்டி வழிபடும் மரபு மெய்யே. ஆயினும் மரபு வேறு, சட்டம் வேறு. உரிமைக்குக் காலக்கெடு இல்லை, விலக்குக்கு உண்டு. இவ்விரு சொற்களையும் ஒன்றாக்கும் செய்தி, அளித்த அரசே அதனை மீட்டுக்கொள்ளலாம் என்பதை மறைத்துவிடுகிறது.