நாற்பத்தைந்து வேலியும் இன்றைய பல்கலைக்கழகமும்



போன வாரம் பூதலூர் ரயிலடியில் பழைய மாணவர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "சார், அரசாங்கப் பல்கலைக்கழகம்னுதானே பொண்ணைச் சேர்த்தேன், தொட்டதுக்கெல்லாம் கட்டணம் கேக்குறாங்களே, ஏன்?" என்றார். வண்டி வந்துவிட்டது. அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

விழுப்புரம் பக்கம் எண்ணாயிரம் என்ற ஊரில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள் கொண்ட கல்லூரிக்கு 45 வேலி நிலம் ஒதுக்கிய கணக்கு அது. நம் கணக்கில் சுமார் 300 ஏக்கர். வேதம் ஓதுகிறவர்களுக்கு மட்டுமான கல்லூரி. உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஆனாலும் செலவுக்கு வழி செய்துவிட்டுத்தான் பாடம் தொடங்கினார்கள்.

1929இல் அண்ணாமலைச் செட்டியார் 20 லட்சம் ரூபாய் கொடுத்துச் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் பிறந்தது. பிற்காலத்தில் தொலைநிலைக் கல்வியும் வந்தது. என்னைப் போல் ஆசிரியர் பயிற்சியோடு வேலைக்கு வந்த பலர் அஞ்சல்வழியில் பட்டம் வாங்கியது அங்கேதான். கட்டணம் குவிந்தது, பணியாளர் எண்ணிக்கையும் பெருகியது. கடைசியில் சம்பளம் கொடுக்கவே திண்டாடும் நிலை வந்து, 2013இல் அரசு தனிச்சட்டம் இயற்றி ஏற்றுக்கொண்டது. மிகுதியாக இருந்த ஆயிரக்கணக்கானோர் வேறு அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் சோதனை வந்தது. 2024இல் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. வருவாயில் பாதிக்கு மேல் அரசு தந்தால்தான் அரசு நிதியில் நடக்கும் நிறுவனம் என்று வரிவிலக்கு உண்டு; அந்த அளவுக்கு அரசுப் பணம் இல்லை என்பதே அவர்கள் வாதம். பெயரில் அரசு இருக்கிறது, பணப்பெட்டியில் பாதிகூட இல்லை!

மானியம் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் எட்டாதபோது, துண்டு விழுவதை நிரப்பப் பல்கலைக்கழகம் மாணவர் கட்டணத்தைத்தான் நம்புகிறது. ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டுகிறார்கள். என் மாணவர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

கல்லணையைத் திறந்துவிட்டார்கள் என்று நாம் சும்மா இருந்துவிடுவதில்லை. தண்ணீர் கடைமடைக்கு எட்டியதா என்று பார்ப்போம். பட்ஜெட்டில் உயர்கல்விக்கு இத்தனை கோடி என்று படிக்கும்போதும் அப்படியே கேளுங்கள். அன்று உழுதவன் பிள்ளைக்கு இடமில்லை. இன்று இடமிருக்கிறது, நாற்பத்தைந்து வேலியைத்தான் காணோம்.

உங்கள் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் நிலைமை எப்படி? எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், பூதலூர்.