அகுவா தெ ஹமைக்கா

மெக்சிகோவில் அன்றாடம் குடிக்கப்படும் குளிர்பானம். தேநீர் என்றே பலர் அழைத்தாலும் இதில் தேயிலை கிடையாது, காஃபீனும் இல்லை. ஹைபிஸ்கஸ் சப்டாரிஃபா என்னும் செடியின் பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து வளரும் சிவந்த புல்லிவட்டமே இதன் மூலப்பொருள். வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தி இதன் உறவுச் செடிதான். ஆனால் அதன் இதழ்கள் இந்தப் பானத்தின் புளிப்பைத் தரா. நம் புளிச்சக்கீரையும் இதற்கு நெருங்கிய உறவுதான். ஆப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இச்செடி மெக்சிகோவில் குரேரோ மாநிலத்தில் மிகுதியாகப் பயிராகிறது.

இரண்டு லிட்டர் பானத்துக்கு ஒரு கோப்பை உலர்ந்த புல்லிவட்டம் போதும். மண் போக அலசி, ஒரு லிட்டர் நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கி மூடி, கால்மணி நேரம் ஊறவிட வேண்டும். வடிகட்டிய சாறு சூடாக இருக்கும்போதே அரைக் கோப்பைச் சர்க்கரையைக் கரைத்து, மீதி லிட்டர் குளிர்ந்த நீரைச் சேர்த்து ஆறவைத்து, ஐஸ் கட்டியுடன் பரிமாறுவர். அதிகம் கொதித்தால் துவர்ப்பு ஏறிவிடும். அமிலம் மிகுந்த சாறு என்பதால் அலுமினியப் பாத்திரம் கூடாது, எவர்சில்வரே நல்லது. பட்டை, இஞ்சி, எலுமிச்சை சேர்ப்பது அவரவர் விருப்பம். பட்டை ஒரு சிறு துண்டுக்கு மேல் போனால் பானத்தின் புளிப்பையே மறைத்துவிடும்.

இரத்தச் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் நிறமிகள். சந்தைகளிலும் உணவுக் கடைகளிலும் இதைப் பெரிய கண்ணாடி ஜாடிகளில் வைத்து, கரண்டியால் மொண்டு விற்கிறார்கள். வடிகட்டிய சக்கையும் வீணாவதில்லை: வெங்காயத்தோடு வதக்கி டாக்கோவுக்குள் வைக்கிறார்கள்.