பழைய சீக்கும் புதுக் காய்ச்சலும்

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அதிகாலை மதுரையில் நிகழ்ந்தது. இறந்தவருக்கு வயது 54. கட்டுக்குள் வராத சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் மூன்றும் அவருக்கு இருந்தன. பிறகு மாலைதோறும் வந்த அரசுச் செய்திக்குறிப்பில், இறந்தவருக்கு முன்பே இருந்த நோய்களும் எழுதப்பட்டிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற நான் அந்த வரியைத்தான் முதலில் தேடுவேன். சர்க்கரை, பிரசர், இதயநோய் என்று சேர்ந்தே வரும்.

நூறாண்டுக்கு முன் அப்படி எழுத வழியில்லை. 1918 இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல் மாண்டார்கள். அது இளவயதினரைத்தான் அதிகம் கொண்டுபோனது. ஆனாலும் கிராமத்தில் பிரசர் பார்க்கவோ சர்க்கரை பார்க்கவோ யார் இருந்தார்கள்? மனிதருக்கு இன்சுலின் போட்டதே 1922-ல்தான். எல்லாச் சாவும் காய்ச்சல் சாவுதான்.

1932-ல் அமெரிக்காவின் செல்வின் காலின்ஸ் இறப்புப் பதிவுகளை அலசி, இன்ஃபுளுயன்சா பரவும்போது இதயநோய்ச் சாவுகளும் கூடுவதைக் காட்டினார். 2018-ல் கனடாவின் ஒன்டாரியோ ஆய்வு, இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு என்றது. காய்ச்சலில் இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடிக்கவும் கூடும். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையும் எகிறும். சிறுநீரகமும் பழுதென்றால் உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு முட்டும். ஏற்கெனவே அடைப்புள்ள இதயம் இத்தனையையும் தாங்க வேண்டும்.

2021 மே கடைசியில் கோவை மாவட்டத்தின் தினசரித் தொற்று சென்னையையே தாண்டியது. எங்கள் வீதியில் ஸ்டென்ட் வைத்த ஒரு பெரியவர், தென்னந்தோப்புக்காரர், காய்ச்சலில் படுத்தார். பார்க்கப் போனேன். மாத்திரைப் பை பிரிக்காமலே கிடந்தது. "கஞ்சியே எறங்க மாட்டீங்குது, மாத்திரை எதுக்குங்க அம்மிணி?" என்றார். அவர் மகனை அதட்டி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். அவரைப் போல மாத்திரையை ஒதுக்கிவைத்தவர்களை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். பயமும் வாய்க்கசப்பும்தான் காரணம். அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை, பிரசர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்தன. 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தால், மாரடைப்புக்கு உடனே தரவேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. செவிலியராக நான் அலைந்த காலத்தில் இவை இருந்திருந்தால் எத்தனையோ உயிர் தங்கியிருக்கும்.

உங்கள் வீட்டில் நெஞ்சுநோய்க்கு மருந்து சாப்பிடுபவர் இருந்தால், காய்ச்சல் கண்ட முதல் நாளே மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இன்ஃபுளுயன்சா தடுப்பூசி பற்றியும் அவரிடம் கேளுங்கள்.