மாகிறற் மக்மிலன் அம்மையார்

பாலர் பாடசாலை என்றதும் பாட்டும் விளையாட்டும் வண்ணப் படங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. இளங்குழந்தையின் கல்வி வெந்நீரிலும் நல்லுணவிலும் தூய காற்றிலும் தொடங்க வேண்டும் என வாதாடி, அதனைச் செய்தும் காட்டிய ஓர் அம்மையாரின் வரலாற்றை இன்று கூற விழைகின்றேன்.

மாகிறற் மக்மிலன் 1860 ஆம் ஆண்டு, ஸ்கொத்லாந்திலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய பெற்றோருக்கு நியூயோர்க் மாநிலத்திற் பிறந்தார். 1865 இல் நோய் அக்குடும்பத்தைச் சூறையாடியது. தந்தையாரும் தங்கை ஒருத்தியும் மாண்டனர். மாகிறற் செவிப்புலனை இழந்தார். பதினான்கு வயதளவிலேதான் அது மீண்டது. தாயார், எஞ்சிய இரு பெண்மக்களுடன் இன்வெர்னஸ் நகரிலிருந்த பிறந்தகத்துக்குத் திரும்பினார். பிணி ஒரு குழந்தையிடமிருந்து எவ்வளவைப் பறிக்கும் என்பதை மாகிறற் நூல்களிற் படித்தறிய வேண்டியிருக்கவில்லை.

1893 இல் அவர் இங்கிலாந்தின் கம்பளி ஆலை நகராகிய பிராட்போட்டுக்குச் சென்றார். மறு ஆண்டு அந்நகரப் பாடசாலைச் சபைக்குத் தெரிவானார். அங்கே பிள்ளைகள் பலர் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலுமாக வாடினர். பசித்த வயிற்றோடும் அழுக்கேறிய உடலோடும் வந்த பிள்ளைகளுக்குப் பாடம் புகட்டுவதிற் பயனில்லை எனச் சபையில் அவர் இடையறாது எடுத்துரைத்தார். உணவும் குளிப்பும் பெற்றோர் பொறுப்பேயன்றிப் பள்ளியின் கடமையல்ல என்போர் அக்காலத்திற் பலர். எனினும் பள்ளிக்குக் குளியலறை வந்தது. வைத்தியர் ஜேம்ஸ் கேர் அவர்களுடன் சேர்ந்து மாணவரின் உடல்நலத்தைச் சோதிக்கும் முயற்சியும் தொடங்கிற்று. 1906 இல் பள்ளி உணவுக்கும், 1907 இல் மருத்துவப் பரிசோதனைக்கும் இங்கிலாந்திற் சட்டங்கள் பிறந்தன. அவற்றுக்காகப் போராடியோருள் இவர் முன்னணியில் நின்றவர்.

பின்னர் அவரும் தமக்கையார் றேச்சலும் இலண்டனின் வறிய பகுதியாகிய டெப்ட்போட்டில் 1910 இல் ஒரு சிகிச்சை நிலையம் அமைத்தனர். ஆங்கே அவர்களை வருத்திய உண்மை ஒன்றுண்டு. குணமடைந்து வீடு சென்ற பிள்ளைகள், சின்னாட்களில் அதே நோயுடன் திரும்பி வந்தனர். வெளிச்சமும் காற்றும் புகாத நெருக்கமான இருப்பிடங்களே அதற்குக் காரணமாயிருந்தன. மருந்து மட்டும் போதாது, பிள்ளை வாழும் சூழலே மாறவேண்டும் எனச் சகோதரியர் உணர்ந்தனர்.

அவ்வுணர்விலிருந்தே 1914 இல் அவர்களது திறந்தவெளிப் பாலர் பள்ளி தோன்றியது. நடுவே தோட்டம், காற்று தடையின்றி வீசும் கொட்டில்கள், குளிக்க வெந்நீர், வேளைக்கு உணவு, நண்பகலில் உறக்கம். பூச்செடியும் காய்கறிப் பாத்தியும் மணலும் நீருமே பாடநூல்களாயின. சில மாதங்களிற் பெரும்போர் மூண்டது. 1917 இல் றேச்சல் காலமானார். உறுதுணையை இழந்த மாகிறற், பள்ளிக்குத் தமக்கையின் பெயரையே சூட்டித் தனித்துநின்று பணி தொடர்ந்தார்.

1918 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பாலர் பள்ளிகளை நடத்த உள்ளூராட்சி அமைப்புக்களுக்கு அதிகாரம் அளித்தது. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் குறைந்த பயிற்சியே போதும் என்னும் எண்ணத்தை அம்மையார் ஏற்கவில்லை. 1930 இல் தமக்கையின் பெயரால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் புதிய கட்டடம் எழுந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார்.

நேயர்களே, வகுப்பிற் சோர்ந்திருக்கும் பிள்ளையை மந்தன் என்று கூறிவிடுவது எளிது. அவன் காலையில் உண்டானா, இரவில் உறங்கினானா, அவன் செவி நன்கு கேட்கின்றதா என முதலில் வினவுவதே ஆசிரியர் கடன். செவிப்புலன் இழந்து வாடிய அச்சிறுமி, வளர்ந்தபின் உலகுக்கு உணர்த்திய பாடமும் அதுவேயாகும்.