300,000 பேருக்குத் திட்டமிட்ட இரட்டை நகர்



புதிய வீடமைப்புப் பகுதி ஒன்று எழும்பும்போது முதலில் வீடுகள் வருகின்றன. பின்னர்க் கடைகள் வருகின்றன. பள்ளியும் மருந்தகமும் வருவதற்குள் முதலில் குடியேறியவர்களின் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கே போய்விடுகின்றனர். அண்மையில் ஒரு பெற்றோர், "எத்தனை பேர் குடிவருவார்கள் என்று யாருமே முன்கூட்டிக் கணக்குப் போடுவதில்லையா, டீச்சர்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக, கணக்குப் போட்டு, நிலம் வாங்கி, மரம்கூட நட்டுவைத்துக் காத்திருந்த ஓர் ஊரின் வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

அவ்வூர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. சரியாகச் சொன்னால் அவை இரண்டு ஊர்கள். முர்ரே ஆற்றின் வடகரையில் ஆல்பரி. அது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. தென்கரையில் வொடோங்கா, அது விக்டோரியா மாநிலத்தைச் சேர்ந்தது. இடையில் ஆறும் வெள்ளச் சமவெளியும் மட்டுமே உள்ளன. ஒருவர் இக்கரையில் குடியிருந்து அக்கரையில் வேலை பார்ப்பதும், பிள்ளைகளை மறுகரைப் பள்ளிக்கு அனுப்புவதும் அங்கே அன்றாட வாழ்க்கை.

1851இல் விக்டோரியா தனிக் குடியேற்ற நாடாகப் பிரிந்தபோது இந்த ஆறே எல்லையாயிற்று. எல்லை ஆற்றின் நடுவில் ஓடவில்லை. தென்கரையின் விளிம்பில் ஓடுகிறது. அதாவது தண்ணீர் முழுவதும் நியூ சவுத் வேல்சுக்கே உரியது. விக்டோரியாக் கரையில் உட்கார்ந்து ஆற்றில் தூண்டில் போடுபவரும் நியூ சவுத் வேல்ஸ் அரசின் உரிமம் வைத்திருக்க வேண்டும். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால், இரண்டு அரசுகள் ஒரே ஊரை ஆளும்போது என்னவெல்லாம் நேரும் என்பதற்கு இது சிறிய சான்று.

பெரிய சான்று தண்டவாளம். விக்டோரியாவின் தொடர்வண்டிப் பாதை 1873இல் வொடோங்காவை எட்டியது. அதன் அகலம் 1,600 மில்லிமீட்டர். நியூ சவுத் வேல்சின் பாதை 1881இல் ஆல்பரியை எட்டியது. அதன் அகலமோ 1,435 மில்லிமீட்டர். ஆற்றுக்குப் பாலம் கட்டி இரண்டையும் 1883இல் அருகருகே கொண்டுவந்தனர். ஆயினும் ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓட முடியாது. சிட்னியிலிருந்து மெல்பர்னுக்குச் செல்பவர் ஆல்பரியில் இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் நீண்ட மேடையைக் கடந்து வேறு வண்டியில் ஏற வேண்டியிருந்தது. எழுத்தாளர் மார்க் டுவெயின் 1895இல் இவ்வழியே பயணம் செய்து இந்த ஏற்பாட்டை எள்ளி நகையாடினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படைத்தளவாடங்களையும் இங்கேதான் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றினர். 1962இல்தான் சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் இடையே ஒரே அகலப் பாதை அமைந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள்!

இந்த இடைஞ்சலால் ஊருக்கு ஓர் ஆதாயமும் கிடைத்தது. இரண்டு பெருநகரங்களுக்கும் நடுவில் எல்லாரும் நின்று போகும் இடமாக அது மாறியது. போரின்போது வொடோங்காவுக்கு அருகே போனகில்லா என்னும் இடத்தில் பெரிய படைமுகாம் எழுந்தது. போர் முடிந்தபின் அதே முகாமை 1947இல் குடியேறிகளை வரவேற்கும் நிலையமாக மாற்றினர். முதலில் பால்டிக் நாடுகளிலிருந்து வீடிழந்தவர்கள் வந்தனர். பின்னர்ப் போலந்து, யுகோஸ்லாவியா, கிரேக்கம், இத்தாலி, செர்மனி, நெதர்லாந்து எனப் பல நாட்டவர் வந்தனர். 1971இல் மூடப்படும்வரை 300,000க்கும் மேற்பட்டோர் போனகில்லாவின் தகரக் கொட்டகைகளில் தங்கிச் சென்றனர்.

முகாம் வாழ்க்கை இனிமையானதன்று. கோடையில் வெந்தது, குளிர்காலத்தில் உறைந்தது. ஆட்டிறைச்சி உணவு பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1949இல் புதிதாக வந்த குழந்தைகள் சிலர் ஊட்டச்சத்துக் குறைவால் இறந்தனர். வாக்களித்த வேலை கிடைக்கவில்லை என்று 1952இலும் 1961இலும் கலகம் மூண்டது. வேலை கிடைத்தவர்கள் பனிமலை நீர்மின் திட்டத்துக்கும், ஆலைகளுக்கும், கரும்புத் தோட்டங்களுக்கும் சென்றனர். அவ்வூரிலேயே தங்கியவர்கள் சிறுபகுதியினரே.

அந்த 300,000 என்னும் எண்ணை நினைவில் வையுங்கள்.

1972 டிசம்பரில் கோஃப் விட்லம் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. அக்காலத்தில் சிட்னியும் மெல்பர்னும் கட்டுக்கடங்காமல் வீங்கிக்கொண்டிருந்தன. புறநகரில் வீடு வாங்கியவர்களுக்குக் கழிவுநீர்க் குழாய்கூட இல்லை. பெருநகரின் சுமையைக் குறைக்க உள்நாட்டில் புதிய நகரங்களை வளர்ப்பது என விட்லம் முடிவு செய்தார். அதற்கு முதலில் தேர்ந்தெடுத்தது இந்த இரட்டை ஊரை. 1973 ஜனவரியில் விட்லமும், நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் ராபர்ட் ஆஸ்கினும், விக்டோரியா முதல்வர் ரூப்பர்ட் ஹேமரும் ஆல்பரியில் கூடிப் பேசினர். முதல்வர்கள் இருவரும் எதிர்க்கட்சியான லிபரல் கட்சியினர். அவர்களும் இசைந்தது வியப்புக்குரியது. அதே ஆண்டு அக்டோபரில் மூன்று அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது அவ்வட்டாரத்தில் வாழ்ந்தோர் சுமார் 40,000 பேர். 2000ஆம் ஆண்டுக்குள் அதனை 300,000 ஆக்குவதே இலக்கு!

திட்டத்தின் உயிர்நாடி நிலம். வழக்கமாக என்ன நடக்கும்? அரசு ஓரிடத்தில் நகர் அமைக்கும் என்று தெரிந்தவுடன் தரகர்கள் முந்திக்கொண்டு நிலத்தை வாங்கிப் பன்மடங்கு விலைக்கு விற்பர். அந்த இலாபம் வீடு வாங்குபவர் தலையில் விழும். இதனைத் தடுப்பதற்காக, அறிவிப்புக்கு முந்திய விலையை அடிப்படையாக வைத்து நிலத்தை அரசே வாங்குவது என முடிவாயிற்று. அதற்கென ஆல்பரி - வொடோங்கா மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. அமைச்சர் டோம் யூரன் இதில் மிகுந்த ஈடுபாடு காட்டினார். பல தலைமுறைகளாக உழுத நிலத்தை அரசு கேட்டபோது உழவர்கள் கொதித்தெழுந்தனர். நகர் வந்தால் கிடைத்திருக்கக்கூடிய விலை தமக்கு மறுக்கப்படுகிறது என்பது அவர்களின் வாதம். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். ஆனால், வீடு வாங்க வரும் எளிய குடும்பத்தின் பக்கமே நான் நிற்பேன்.

மாநில எல்லை இங்கேயும் குறுக்கிட்டது. நிலச் சட்டம் மாநிலத்துக்கு உரியது. ஆகவே ஒரே கழகமாகப் பேசப்பட்ட அது, சட்டப்படி மூன்று கழகங்களாக இருந்தது. மத்திய அரசின் கழகம் ஒன்று. ஆல்பரிப் பக்க நிலத்துக்கு ஒன்று. வொடோங்காப் பக்க நிலத்துக்கு ஒன்று.

ஆயினும் வேலை வேகமாக நடந்தது. ஆல்பரிக்குக் கிழக்கே தர்குனா, வொடோங்காவுக்குத் தென்கிழக்கே பரண்டூடா ஆகிய இடங்களில் புதிய குடியிருப்புகள் வரையப்பட்டன. சாலைகளும் நீர்க்குழாய்களும் போடப்பட்டன. மேய்ச்சலால் மொட்டையாகிக் கிடந்த குன்றுகளில் பல இலட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. குன்றுகளின்மேல் வீடு கட்டக்கூடாது என்றும் விதித்தனர்.

பிறகு சரிவு. 1973 இறுதியில் எண்ணெய் விலை ஏறி உலகப் பொருளியல் தள்ளாடியது. ஆஸ்திரேலியாவில் பிறப்பு விகிதம் குறைந்தது. குடியேறிகளின் எண்ணிக்கையையும் அரசு குறைத்தது. 1975இல் வெளியான போரி அறிக்கை, நாட்டின் மக்கள்தொகை முன்பு கருதிய அளவுக்கு வளராது எனக் கணித்தது. பெருநகரங்களே வீங்காதபோது வீக்கத்தைக் குறைக்க ஒரு நகர் எதற்கு? அதே ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் தலைமை ஆளுநர் விட்லம் ஆட்சியைக் கலைத்தார். அடுத்து வந்த மால்கம் ஃபிரேசர் அரசு நிதியைச் சுருக்கி, இலக்கை 150,000 ஆகக் குறைத்தது. அரசு ஊழியர்களைப் பெருமளவில் அங்கே அனுப்பும் எண்ணமும் தேய்ந்தது. வரித்துறை அலுவலகம் போன்ற சிலவே சென்றன. செய்தித்தாள் காகித ஆலை 1981இல் தொடங்கியது. அது 2019இல் மூடப்பட்டது. 2000ஆம் ஆண்டு வந்தபோது இரண்டு ஊர்களிலும் சேர்த்து இலக்கில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினரே வாழ்ந்தனர். பரண்டூடாவில் போட்ட சாலைகளின் ஓரத்தில் நெடுங்காலம் மாடுகளே மேய்ந்தன.

300,000 பேர் வருவார்கள் என்று எந்தத் திட்டமும் இல்லாமல் திறந்த போனகில்லாவுக்கு அத்தனை பேரும் வந்தனர். அவ்வளவு பேருக்குத் திட்டமிட்ட நகருக்கு அவர்கள் வரவில்லை. முதலாவதற்குப் பின்னால் போரும் கப்பலும் ஒப்பந்த வேலையும் இருந்தன. இரண்டாவதற்குப் பின்னால் நிலமும் வரைபடமும் இருந்தன. வேலை போதிய அளவில் இல்லை. பலர் இதனைத் தோல்வி என்று எழுதி முடித்துவிடுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கழகம் வாங்கிய நிலம் கையில் இருந்தது. அதனைப் பல்லாண்டுகள் சிறிது சிறிதாக விற்று, கழகம் 2014இல் கலைக்கப்பட்டது. தர்குனாவில் இன்று சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழக வளாகமும் நெருக்கமான குடியிருப்புகளும் உள்ளன. லெனீவா, பரண்டூடா பக்கமும் வீடுகள் எழுகின்றன. 2021 கணக்கெடுப்பில் ஆல்பரியில் சுமார் 56,000 பேரும் வொடோங்காவில் சுமார் 43,000 பேரும் இருந்தனர். பூட்டானிலிருந்து விரட்டப்பட்டு நேப்பாள முகாம்களில் வாடிய நேப்பாள மொழிக் குடும்பங்கள் பலவும் அண்மை ஆண்டுகளில் இங்கே குடியேறியுள்ளன. போனகில்லாவின் பழைய கொட்டகைகளில் எஞ்சிய பகுதி தேசிய மரபுடைமையாகக் காக்கப்படுகிறது.

அடிப்படை வசதிகள் ஒவ்வொன்றும் ஊர்மக்களின் பொறுமையைச் சோதித்தே வந்தன. சிட்னி - மெல்பர்ன் கனரக வண்டிகள் அனைத்தும் ஆல்பரியின் தெருக்கள் வழியே ஓடிக்கொண்டிருந்தன. விரைவுச்சாலை ஊருக்குள்ளா, ஊருக்கு வெளியிலா என்ற வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. கடைசியில் ஊருக்குள்ளேயே அமைத்து 2007 மார்ச்சில் திறந்தனர். வொடோங்காவின் நடுவே ஓடிய தண்டவாளம் 2010இல்தான் ஊருக்கு வெளியே மாற்றப்பட்டது. இரண்டு ஊர்களையும் ஒரே நகராக்குவதாக 2001இல் இரு மாநில முதல்வர்களும் அறிவித்தனர், அது நிறைவேறவில்லை.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்சில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறையும் பிள்ளை அவ்வாண்டு தொடக்கத்திலேயே பள்ளியில் சேரலாம். விக்டோரியாவில் அந்த நாள் ஏப்ரல் 30. ஆகவே ஜூன் மாதம் பிறந்த பிள்ளை ஆல்பரியில் பள்ளிக்குப் போகும் வயதை அடைந்திருக்கும். வொடோங்காவில் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 'கிண்டர்கார்டன்' என்னும் சொல்லும் பொருள் மாறும். வடகரையில் அது தொடக்கப்பள்ளியின் முதல் ஆண்டு. தென்கரையில் நம் பாலர் பள்ளியைப் போன்றது. வீடு மாறும் பெற்றோர் எவ்வளவு குழம்புவர் என்று எண்ணிப் பாருங்கள்.

2020 ஜூலை 8ஆம் நாள், கோவிட் தொற்றால் மாநில எல்லை மூடப்பட்டது. 1919க்குப் பிறகு அதுவே முதன்முறை. பாலங்களில் காவலர்கள் நின்றனர். வேலைக்குப் போகவும், மருத்துவரைப் பார்க்கவும் அனுமதிச் சீட்டு கேட்டனர். நவம்பர் வரை அது நீடித்தது. ஜோகூர் பாரு பாலம் மூடிக்கிடந்த நாட்களை அறிந்த நமக்கு அந்த வேதனை புரியும்; ஆனால், அங்கே பாலத்தின் இரு முனையும் ஒரே நாடு.

இன்று அங்கே பெரும் வழக்கு மருத்துவமனையைப் பற்றியது. 2009இல் இரு ஊர் மருத்துவமனைகளையும் இணைத்து விக்டோரியா அரசின் நிருவாகத்தில் வைத்தனர். தீவிர சிகிச்சை ஆல்பரியில், மகப்பேறு வொடோங்காவில். எனவே, ஆல்பரித் தாய்மார்களின் குழந்தைகள் ஆற்றைக் கடந்து விக்டோரியாவில் பிறக்கின்றன. பிறப்புப் பத்திரமும் அம்மாநிலத்துடையதே. 2022 அக்டோபரில் இரு மாநிலங்களும் 558 மில்லியன் டாலரில் ஆல்பரி மருத்துவமனையை விரிவாக்குவதாக அறிவித்தன. வளரும் மக்கள்தொகைக்குப் பழைய இடம் போதாது, புதிய நிலத்தில் புதிய மருத்துவமனை வேண்டும் என்று மருத்துவர்களும் ஊர்மக்களும் குரல் எழுப்பினர். அரசுகள் தங்கள் முடிவிலேயே நின்றன. மகப்பேற்றுப் பிரிவும் ஆல்பரிக்கு மாறுமானால், வொடோங்காத் தாய்மார்கள் ஆற்றைக் கடந்து வடக்கே போவார்கள். அவர்களின் குழந்தைகளுக்கு நியூ சவுத் வேல்ஸ் பிறப்புப் பத்திரம் கிடைக்கும்.